விநியோகச் சங்கிலி என்னும் பொய்ப்பெயர்

2024 மார்ச் மாதத்தில், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். அளவீடு பிசகாதிருக்க இயந்திரத்தின் பிற வேலைகளை அடக்கிவைக்க முயன்றபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவை வழக்கத்துக்கு மாறாக அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொள்வது அவர் கண்ணில் பட்டது. அந்த அரை நொடியின் காரணத்தைத் தேடிப் போனவர் மார்ச் 29 அன்று பொதுவில் அறிவித்த செய்தி இது: எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ஒரு பின்வாசல் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது. அதற்குரிய திறவுகோலை வைத்திருப்பவர், அப்பதிப்பு புகுந்த லினக்ஸ் கணினிகளில் கடவுச்சொல் ஏதுமின்றித் தாம் விரும்பிய கட்டளையை நிறைவேற்றலாம். டெபியனின் சோதனைக் கிளையையும் ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்பையும் அது அதற்குள் எட்டிவிட்டிருந்தது. நிலைத்த பதிப்புகளுக்குள் நுழையுமுன் பிடிபட்டது.

கல்விக்கூடங்களில் இந்நிகழ்வு சுருக்கிச் சொல்லப்படும் விதம் அனைவரும் அறிந்ததே. ‘மனிதக் காரணி’ என்றொரு தலைப்பு. திறமூல மென்பொருளை நடத்தும் தனிமனிதர்கள் எளிதில் ஏமாறுகிறார்கள் என்றொரு வரி. பிறகு கேள்வி நேரம். இவ்விளக்கம் தவறானது மட்டுமன்று, மிகவும் வசதியானதும்கூட. பயனைத் துய்த்தவர் எவரையும் அது கணக்குக் கேட்பதில்லை. கொடுத்தவரை மட்டுமே கூண்டில் ஏற்றுகிறது.

நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். எக்ஸ்இசட்டைப் பல்லாண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே ஒருவர், ஊதியமின்றி, தம் ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தார். உலகின் லினக்ஸ் வழங்கிகள் ஏறத்தாழ அனைத்திலும் இருக்கும் மென்பொருள் அது. 2021-இல் ‘ஜியா டான்’ என்னும் பெயரில் ஒரு கணக்கு தோன்றி, சிறுசிறு திருத்தங்களை அனுப்பத் தொடங்கியது. 2022-இல் வேறு சில பெயர்கள் வந்தன: திருத்தங்கள் ஏன் தாமதமாகின்றன, இயலாதவர் பொறுப்பை ஏன் இன்னொருவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று அவை அடுத்தடுத்துக் கேட்டன. தமக்கு நெடுநாளாக மனநலச் சிக்கல்கள் இருப்பதையும், இது கூலியில்லாப் பணி என்பதையும் பராமரிப்பாளர் பலர் அறியவே எழுதினார். அதற்குப் பதிலாக வந்தது மேலும் ஓர் அதட்டல். கடைசியில் ஜியா டானுக்கு உரிமைகள் வழங்கப்பட்டன. புகார் எழுதிய பெயர்களுக்கு அதற்கு முன்னும் பின்னும் வேறெங்கும் சுவடு இல்லை.

அப்பெயர்களுள் ஒன்று ‘ஜிகர் குமார்’. அதன் பின்னால் இந்தியர் எவரும் இருந்ததற்குச் சான்றில்லை. அது முகமூடி என்றே கருதப்படுகிறது. ஆயினும் அந்த முகமூடி ஏன் எவருக்கும் ஐயம் தரவில்லை என்பது யோசிக்கத்தக்கது. இலவசமாகப் பெற்ற மென்பொருளின் வாசலில் நின்று ‘எப்போது சரிசெய்து தருவீர்கள்’ என்று உரிமையோடு அதட்டும் குரல், பராமரிப்பாளர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் கேட்டுப் பழகிய குரல். தாக்கியவர்கள் புதிதாக ஒன்றையும் புனையவில்லை. ஏற்கெனவே அங்கே இருந்த கூட்டத்துக்குள் கலந்து நின்றார்கள், அவ்வளவே.

இது கதையின் முதற்பாதி. கருத்தரங்குகளில் பெரும்பாலும் சொல்லாமல் விடப்படும் இரண்டாம் பாதிதான் கல்வியாளர்களுக்கு உரியது. அப்பின்வாசல், எவரும் திறந்து படிக்கக்கூடிய மூலநிரல் களஞ்சியத்தில் முழு வடிவில் இல்லை. மூலநிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றும் கட்டத்தை நிரலாளர்கள் ‘பில்ட்’ என்கிறார்கள். அக்கட்டத்தை நடத்தும் கட்டளைக் கோப்புகளுள் ஒன்று, வெளியீட்டுக்கென மூட்டைகட்டி வைக்கப்பட்ட தொகுப்பில் மட்டும் மாற்றப்பட்டிருந்தது. களஞ்சியத்தில் அம்மாற்றம் இல்லை. நஞ்சோ, சிதைந்த கோப்புகளை மென்பொருள் எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பதற்கான சோதனைக் கோப்புகளுக்குள் உறங்கியது. சிதைந்தே இருக்க வேண்டிய கோப்பைத் திறந்து பார்த்து ஏன் சிதைந்திருக்கிறது என்று யார் கேட்பார்? டெபியன் அல்லது ரெட்ஹேட் வகைத் தொகுப்பாகக் கட்டப்படும்போது மட்டுமே அது விழித்தெழுந்து நிரலுக்குள் புகுந்துகொண்டது. நிரலை வரிவரியாகப் படித்திருந்தாலும் அகப்பட்டிருக்காது. நிரல் மென்பொருளாகும் இடத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

அந்த இடத்தைப் பற்றிய எச்சரிக்கை புதியதுமன்று. யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்ப்சன், தமது டூரிங் விருது உரையில் இதையே எடுத்துக்காட்டினார். அவ்வுரை 1984-இல் அச்சாகியது. தொகுப்பியையே மாற்றிவிட்டால், மூலநிரலில் ஒரு தடயமும் இன்றிப் பின்வாசலை நிலைநிறுத்தலாம் என்பதே அவர் காட்டியது. மாற்றப்பட்ட தொகுப்பி, அடுத்த தொகுப்பியைக் கட்டும்போது தன்னையும் அதற்குள் நட்டுவிடும். இவ்வுரை கணினி அறிவியல் மாணவர்களின் வாசிப்புப் பட்டியல்களில் இடம்பெறுகிறது. ஒரு புத்திசாலித்தனமான விளையாட்டாகப் படிக்கப்பட்டு, அடுத்த வாரப் பாடத்துக்குள் மறக்கப்படுகிறது.

மறக்காதவர்கள் தாக்குபவர்கள். 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் நிகழ்வில், பில்ட் நடக்கும் கணினிக்குள் புகுந்த ஒரு நிரல், கட்டும் பணி தொடங்கும் தருணத்துக்காகக் காத்திருந்தது. தொடங்கியதும் ஒரேயொரு மூலக்கோப்பை மாற்றிவைத்து, முடிந்ததும் பழைய கோப்பைத் திருப்பி வைத்துவிட்டது. வெளிவந்த மென்பொருளில் நிறுவனத்தின் மெய்யான மின்கையொப்பம் இருந்தது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அந்தப் பதிப்பை நிறுவும் வாய்ப்புப் பெற்றிருந்ததாக நிறுவனமே சொன்னது. அமெரிக்க அரசுத் துறைகளும் பாதிக்கப்பட்டோருள் அடக்கம். ரஷ்ய வெளியுளவு அமைப்பே இதைச் செய்தது என்று அமெரிக்கா 2021-இல் அறிவித்தது. 2015-இலேயே இதன் எளிய வடிவம் ஒன்று சீனாவில் நடந்திருக்கிறது. ஆப்பிளின் எக்ஸ்கோட் கருவியை அதன் சொந்த வழங்கியிலிருந்து இறக்க நேரமாகிறது என்று, நிரலாளர் பலர் உள்ளூர்க் கோப்புப் பகிர்வுத் தளங்களிலிருந்து எடுத்தார்கள். அந்தப் படியில் நஞ்சு இருந்தது. அதைக் கொண்டு கட்டப்பட்ட செயலிகள் வழியாக, வீசாட் உட்பட, பயனர்களை அடைந்தது. நிரலாளர் எவரும் தீய நிரல் எழுதவில்லை. அவர்கள் கையிலிருந்த கருவி எழுதியது.

இவற்றுக்கெல்லாம் சேர்த்து ‘விநியோகச் சங்கிலித் தாக்குதல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சோலார்விண்ட்ஸுக்கு அப்பெயர் பொருந்தும்: அங்கே விற்பவர் உண்டு, விலை உண்டு, ஒப்பந்தம் உண்டு. எக்ஸ்இசட்டுக்கு அது பொய்ப்பெயர். விநியோகம் என்றால் எடை, விலை, தவணை, குறைவந்தால் பொறுப்பு என்றெல்லாம் இருக்க வேண்டும். அரிசி மண்டிக்கு நெல் தருபவருக்கும் மண்டிக்காரருக்கும் இடையே ஒரு சீட்டேனும் இருக்கும். இங்கே இருப்பது உரிமத்தின் ஒரே ஒரு வரி: உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை. கோடையில் ஒருவர் தம் வீட்டு வாசலில் தண்ணீர்ப்பந்தல் வைக்கிறார். வழிப்போக்கர்கள் குடிக்கிறார்கள். பிறகு ஒரு தொழிற்சாலை அந்தப் பானையிலிருந்தே குழாய் இழுத்துக்கொள்கிறது. ஒருநாள் யாரோ பானையில் எதையோ கலந்துவிட, பந்தல்காரரைத் ‘தரக்குறைவான விநியோகஸ்தர்’ என்று தொழிற்சாலை குற்றஞ்சாட்டுகிறது. ‘விநியோகச் சங்கிலி’ என்னும் சொல்லாட்சி செய்கிற வேலை இதுதான். கொடையைக் கடனாக எழுதிவைக்கிறது.

இணையப் பாதுகாப்பின் அடித்தளமான ஓபன்எஸ்எஸ்எல்லில் 2014-இல் ஹார்ட்பிளீட் குறை வெளிப்பட்டபோது, அதை நடத்திய அமைப்புக்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் என்பது தெரியவந்தது. 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம், முன்பின் அறியாத தன்னார்வலர் ஒருவரின் கைக்கு மாறியது; அவர் அதனுடன் சேர்த்த இன்னொரு நிரலகம், ஒரு குறிப்பிட்ட பிட்காயின் பணப்பையைக் குறிவைத்துத் திருடியது. ஏன் ஒப்படைத்தீர்கள் என்று பழைய பராமரிப்பாளரைப் பலர் சாடினார்கள். அதை அவரே பயன்படுத்துவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன, பராமரித்ததால் அவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை, கேட்டவரிடம் கொடுத்தார். சாடியவர்களுள் எத்தனை பேர் அதற்குமுன் அந்தப் பணியைப் பகிர்ந்துகொள்ள முன்வந்தார்கள் என்று கேட்டால் விடை எளிது.

இனி, கல்விக்கூடத்தின் கணக்கு. ‘இது தொழில்துறையின் சிக்கல், நாம் ஆராய்பவர்கள்’ என்னும் தோரணை அங்கே நிலவுகிறது. அந்தத் தோரணைக்கு எந்த அடிப்படையும் இல்லை. 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை, இயந்திரக் கற்றல் ஆய்வாளர்கள் உலகெங்கும் நம்பியிருக்கும் பைடார்ச்சின் அன்றாட முன்னோட்டப் பதிப்பை லினக்ஸில் ‘பிப்’ கட்டளைவழி நிறுவியவர்களுக்கு, அதன் சார்பு நிரலகங்களுள் ஒன்றின் இடத்தில் அதே பெயருடைய போலி வந்து இறங்கியது. பொதுக் களஞ்சியமான பைபிஐயில் யாரோ அப்பெயரைப் பதிவுசெய்துவிட்டார். பிப் கருவியும் பொதுக் களஞ்சியத்துக்கே முதலிடம் தந்தது. அந்தப் போலி, பயனரின் முகப்புக் கோப்பகத்திலிருந்து ஆயிரம் கோப்புகள் வரையும், எஸ்எஸ்ஹெச் திறவுகோல்களையும் வெளியே அனுப்பும் திறன் கொண்டது. ஆய்வகக் கணினியில் அந்த நாட்களில் முன்னோட்டப் பதிப்பை நிறுவிய ஆய்வு மாணவரின் முகப்புக் கோப்பகத்தில் என்ன இருந்திருக்கும்? வெளியிடப்படாத தரவு, எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வேடு, துறையின் வழங்கிக்கான திறவுகோல்.

ஒரு மாணவரின் திறவுகோல்தானே என்று எண்ணுவோர் 2020 மே மாதத்தை நினைவுகூரலாம். எடின்பரோவின் ஆர்ச்சர் உட்பட ஐரோப்பாவின் பல ஆய்வு மீக்கணினிகள் அப்போது மூடப்பட்டன. திருடப்பட்ட எஸ்எஸ்ஹெச் உள்நுழைவுகள்வழியாகவே தாக்கியவர்கள் உள்ளே வந்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் பயனர் கணக்கு இன்னொரு நாட்டின் மீக்கணினிக்குக் கதவாயிற்று. தேசிய மீக்கணினித் திட்டத்தின்கீழ் இந்தியக் கல்வி நிறுவனங்களில் நிறுவப்பட்டிருக்கும் பரம் கணினிகளையும் ஆய்வு மாணவர்கள்தாம் பயன்படுத்துகிறார்கள். அவர்களும் இதே களஞ்சியங்களிலிருந்துதான் நிரலகங்களை இறக்குகிறார்கள்.

இதற்கிடையே, பாதுகாப்பு ஆய்வு என்னும் பெயரில் நடப்பதைக் காண வேண்டும். 1998-இல் அமெரிக்க இராணுவ ஆய்வு முகமைக்காக எம்ஐடியின் லிங்கன் ஆய்வகம் செயற்கையாக உருவாக்கிய வலைப்போக்குவரத்திலிருந்து பிறந்தது கேடிடி கோப்பை 99 தரவுத்தொகுப்பு. அதன் மூலத்தரவின் குறைகளை 2000-இலேயே ஜான் மெக்ஹியூ விரிவாக எழுதிவிட்டார். 2009-இல் அதன் திருத்திய வடிவம் வந்தது. அதை வெளியிட்டவர்களே அதுவும் குறையற்றதன்று என்றார்கள். இன்றும் அவ்விரண்டின்மீதும் புதியதொரு நரம்பு வலைப்பின்னலை ஓட்டி, 99 விழுக்காட்டுக்கு மேல் துல்லியம் என்று முடியும் கட்டுரைகள் இந்தியப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. கால் நூற்றாண்டுக்கு முந்தைய போலிப் போர் ஒன்றில் நாள்தோறும் வெற்றி ஈட்டப்படுகிறது. அக்கட்டுரைக்கான நிரலை ஓட்டும் கணினியில் எத்தனை சார்பு நிரலகங்கள், எவர் எழுதியவை, எந்தப் பதிப்பு என்று ஆசிரியருக்கும் தெரியாது, நெறியாளருக்கும் தெரியாது.

மேற்கத்தியக் கல்விக்கூடங்கள் இதில் மேலானவை என்று கருத வேண்டியதில்லை. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லினக்ஸ் கருநிரலுக்கு வேண்டுமென்றே குறையுள்ள திருத்தங்களை அனுப்பி, பராமரிப்பாளர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று சோதித்தார்கள். மனிதர்கள்மீதான ஆய்வன்று என்று அப்பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அதற்கு விலக்கு அளித்திருந்தது. 2021 ஏப்ரலில் கருநிரல் குழு அப்பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளையே தடைசெய்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மின்னஞ்சலின் மறுமுனையில் தம் நேரத்தைச் செலவிட்டு நிரலைப் படிப்பவர் மனிதர்தாம் என்பது ஒரு நெறிமுறைக் குழுவின் கண்ணுக்குத் தெரியவில்லை. பைடார்ச் போலியைப் பதிவேற்றியவராகத் தம்மைச் சொல்லிக்கொண்டவரும் தந்த சமாதானம், இது பாதுகாப்பு ஆராய்ச்சி என்பதே.

அரசின் பக்கமிருந்து வரும் தீர்வு பட்டியல். செர்ட்-இன் 2024 அக்டோபரில் மென்பொருள் உட்கூறுப் பட்டியலுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டு, 2025-இல் அவற்றை விரிவாக்கியது. பட்டியல் பயனற்றது என்று சொல்வதற்கில்லை. 2021 டிசம்பரில் லாக்4ஜே குறை வெளிப்பட்டபோது, அது தங்கள் கணினிகளில் எங்கெங்கே இருக்கிறது என்றே தெரியாமல் நிறுவனங்கள் தவித்தன; பட்டியல் அங்கே உதவியிருக்கும். ஆனால் எக்ஸ்இசட் 5.6.1 எந்தப் பட்டியலிலும் சரியான பெயரோடு, சரியான பதிப்பெண்ணோடு, உரிமை பெற்ற பராமரிப்பாளரின் கையொப்பத்தோடுதான் இடம்பெற்றிருக்கும். 2025 மார்ச்சில் கிட்ஹப் தானியங்கிப் பணிகளுக்கான ஒரு கருவியின் பழைய பதிப்புக் குறிகள் அத்தனையும் தீய நிரலை நோக்கித் திருப்பப்பட்டன. 23,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய கருவி அது. பதிப்பெண் மாறவில்லை, பதிப்பெண் சுட்டிய பொருள் மாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் என்பிஎம் களஞ்சியத்தில் ஒரு புழு, திருடிய திறவுகோல்களைக் கொண்டே அடுத்தடுத்த பராமரிப்பாளர்களின் நிரலகங்களுக்குள் தன்னைப் பரப்பிக்கொண்டது. 500-க்கும் மேற்பட்ட தொகுப்புகள் பாதிக்கப்பட்டன. பட்டியல் கேட்கும் தணிக்கையாளர் இவற்றை அடுத்த காலாண்டில் படிப்பார். பட்டியலைத் தயாரித்துத் தரும் வேலையும், மேலிருந்து கீழே இறங்கி இறங்கி, அந்தக் கூலியில்லாப் பராமரிப்பாளரின் மேசைக்கே போய்ச் சேரும்.

பெயர் வைக்காமல் செய்யக்கூடியவை உண்டு, செய்பவர்களும் உண்டு. ஒரே மூலநிரலை எவர் எங்கே கட்டினாலும் பிட் மாறாமல் ஒரே மென்பொருள் வர வேண்டும் என்னும் மீளுருவாக்கப் பணியை டெபியன் குழுவினர் 2013 முதல் செய்துவருகிறார்கள். சோலார்விண்ட்ஸ் வகைத் திருட்டுக்கு அது நேரான மருந்து: தனித்தனி இடங்களில் கட்டிய இரண்டு படிகளை ஒப்பிட்டால், இடையில் மாற்றிவைத்த கோப்பு அகப்பட்டுவிடும். எக்ஸ்இசட்டுக்கு அது மட்டும் போதாது. மூட்டைக்கும் களஞ்சியத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் பார்த்தாக வேண்டும். 2021-இல் கோட்கவ் நிறுவனத்தின் மாற்றப்பட்ட கட்டளைக் கோப்பு இரண்டு மாதம் ஆயிரக்கணக்கான பில்ட் கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாடிக்கையாளர் கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் வெளிப்பட்டது. ஒருவர் ஒப்பிட்டார். இவை ஒரு முதுகலைப் பொறியியல் மாணவர் ஓராண்டில் செய்யத்தக்க பணிகள். கேடிடி 99-ஐக் காட்டிலும் கடினமானவை, உண்மையானவை.

பணமும் வழியில்லாத ஒன்றன்று. ஜெர்மனி 2022-இல் அரசு நிதியொன்றை அமைத்து அடிப்படைத் திறமூல மென்பொருள்களின் பராமரிப்புக்கு ஊதியம் தருகிறது. இந்தியாவில் செரோதா என்னும் பங்குத் தரகு நிறுவனம் 2024-இல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தது. தரகுத் தொழிலுக்குத் தோன்றிய நன்றியுணர்வு அறிவுத் தொழிலுக்குத் தோன்றவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் ஆசிரியருக்கான ஆய்வு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. கட்டுரைக்கும் நூலுக்கும் காப்புரிமைக்கும் கருத்தரங்க உரைக்கும் அதில் எண்கள் உண்டு. உலகமே சார்ந்திருக்கும் ஒரு நிரலகத்தைப் பத்தாண்டு பழுதின்றிக் காத்ததற்கென்று ஒரு வரி இல்லை. எக்ஸ்இசட்டின் பராமரிப்பாளர் இந்தியாவில் உதவிப் பேராசிரியராக இருந்திருந்தால், அந்தப் பணிக்காக அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய மதிப்பெண் சுழியம்.

அந்த வரியைச் சேர்ப்பதற்கு மானியக் குழுவின் ஒரு கூட்டம் போதும். அதுவரை காத்திராமல் துறைகள் தாமாகவே தொடங்கத்தக்கது ஒன்று உண்டு. ஆய்வேட்டின் பின்னிணைப்பில், முடிவுகளைத் தந்த நிரல் எந்தெந்த நிரலகங்களின் எந்தப் பதிப்பின்மீது ஓடியது, அவற்றின் சரிபார்ப்பு எண்கள் என்ன என்பதைச் சேர்க்கச் சொல்லலாம். வாய்மொழித் தேர்வில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இவற்றுள் ஒன்றையேனும் எழுதியவர் யார் என்று புறத்தேர்வாளர் கேட்கலாம்.